கௌரி போட்ட திகதி

பாரிஸின் புறநகரான சென் தெனியில் அலுவலகக் கட்டடங்களைச் சுத்தம் செய்யும் கொம்பனி ஒன்றில் கௌரிக்கு வேலை. துடைப்பம் பிடிக்கும் வேலை அல்ல. நூற்று நாற்பது துப்புரவுத் தொழிலாளர்களில் யார் எந்தக் கட்டடத்துக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும் என்று அட்டவணை போடுவது. அங்குள்ள மற்றத் தமிழரைப் போல அவளும் அதைப் ‘பிளானிங்’ என்றுதான் சொல்வாள். ஒருத்திக்குப் பிள்ளை பிறந்தால், ஒருவருக்கு முதுகு பிடித்துக்கொண்டால், ஒருவர் விடுமுறைக்குப் போய்த் திரும்பி வராவிட்டால், அந்தக் கட்டத்தை அழித்து இன்னொரு பெயரை எழுதுவாள். பதினாறு வருடமாக அதைத்தான் செய்கிறாள். திங்கட்கிழமை காலை தொலைபேசி அடித்தால், யாரோ ஒருவர் இன்று வர முடியாது என்று சொல்லப்போகிறார் என்பது எடுக்கும் முன்பே அவளுக்குத் தெரியும்.

இந்தத் திறமை சொந்தக்காரருக்குத் தெரிந்துபோனது. அதன் பிறகு அவள் குடியிருக்கும் சார்செலிலும் சுற்றுவட்டாரத்திலும் அவர்கள் குடும்பத்தில் கௌரியைக் கேட்காமல் ஒரு விசேஷத்துக்கும் நாள் வைப்பதில்லை. ஐயர் நாலைந்து நல்ல நாள் எழுதிக் கொடுப்பார். அதில் எந்தச் சனிக்கிழமை மண்டபம் கிடைக்கும், வீடியோக்காரர் எப்போது ஓய்வு, லண்டன்காரரால் எப்போது வர முடியும், அதே நாளில் வேறு யாருடைய கலியாணம் வந்து ஆட்களைப் பங்கு பிரிக்கும் என்பதையெல்லாம் பார்த்துக் கௌரி ஒரு திகதி சொல்வாள். அவள் சொன்னால் கார்ட் அடிக்கக் கொடுத்துவிடலாம்.

கணவன் தவரத்தினம் பாரிஸில் ஒரு பிரெஞ்சு உணவகத்தில் சமையல்காரர். சனி ஞாயிறு முழுநாள் வேலை. ஒரே மகன் லியோன் நகரத்துக்குப் படிக்கப் போய்விட்டான். அதனால் விசேஷம் இல்லாத சனிக்கிழமைகளில், அவை மிகக் குறைவு, கௌரி தனியாக இருந்தாள். அப்படியொரு சனிக்கிழமை, ஆறு வருடத்துக்கு முன், பாரிஸில் தமிழ்க் கடைகள் உள்ள லா சப்பலில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றவளைச் செபஸ்டியன் கண்டுபிடித்தார்.

செபஸ்டியன் பாண்டிச்சேரிக்காரர், தபால் இலாகாவில் ஓய்வு பெற்றவர். முன்பு சார்செலில் கௌரியின் கட்டடத்திலேயே மூன்றாம் மாடியில் இருந்தவர்.

“கௌரிம்மா, ஒரு லெத்ர் எழுதணும். சங்கத்துக்கு ஒரு சால், மண்டபம், கேட்டு. நாங்க எழுதினா பதிலே வர்றதில்ல. நீங்க ஆபீஸ்ல எழுதற ஆளு.”

“என்ன சங்கம் அண்ணை?”

“போக்கர்” என்றார் செபஸ்டியன். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சேர்த்துக்கொண்டார். “காசு கிடையாது. சத்தியமா ஒரு சன்த்தீம் கூடக் கிடையாது.”

உண்மைதான். நாற்பது பேர் கொண்ட சீட்டாட்டச் சங்கம் அது. பாண்டிச்சேரிப் பென்ஷன்காரர்கள், யாழ்ப்பாணத்து உணவகத் தொழிலாளர்கள், அக்கம்பக்கத்துப் பிரெஞ்சுக்காரர்கள். ஆட்டம் தொடங்கும்போது காசுக்குப் பதிலாக ஆளுக்கு ஒரே அளவு பிளாஸ்டிக் சில்லுகள் கொடுப்பார்கள். சில்லு முடிந்தவர் எழுந்துவிட வேண்டும். எவ்வளவு பிந்தி எழுகிறாரோ அவ்வளவு புள்ளி. அந்தப் புள்ளிகளைச் சேர்த்து ஒரு வருட வரிசை. அதற்குமேல் அதில் ஒன்றும் இல்லை.

வீட்டில் சொன்னபோது தவரத்தினம் கரண்டியைக் கீழே வைத்தார். அவருடைய தகப்பன் சாவகச்சேரியில் சீட்டாட்டத்தில் இரண்டு காணியைத் தொலைத்தவர். அதனால் மூத்தவள் வள்ளிநாயகியின் கலியாணம் நாலு வருடம் தள்ளிப்போனது. அந்தக் குடும்பத்தில் கலியாண வீட்டில்கூட யாரும் சீட்டுக்கட்டை எடுப்பதில்லை.

“எழுத்து வேலை எண்டால் செய்யும்” என்றார். “சீட்டிலை மட்டும் கை வைக்கக் கூடாது. அக்காவுக்குத் தெரிஞ்சால் எங்கட வாசல்படி மிதிக்க மாட்டா.”

“நான் கடிதம்தானே எழுதப்போறன்.”

கடிதம் எழுதினாள். லா சப்பலை ஒட்டிய மார்க்ஸ் டோர்மோய் பக்கத்தில் ஒரு மாடி மண்டபம், பதினைந்து நாளுக்கு ஒரு சனிக்கிழமை கிடைத்தது. அடுத்ததாக, போட்டிகளுக்கு நாள் குறித்துத் தரும்படி கேட்டார்கள். அதன் பிறகு அவள் சங்கத்தின் செயலாளர். இரண்டு வருடம் மூலையில் ஒரு மேசையில் இருந்து, யார் எப்போது எழுந்தார் என்று எழுதிக்கொண்டே எல்லோருடைய ஆட்டத்தையும் பார்த்தாள்.

பிறகு ஒருநாள் இருவர் சேர்ந்து ஆடும் போட்டி. செபஸ்டியனின் கூட்டாளி வரவில்லை.

“சும்மா உட்காருங்க கௌரிம்மா. பேர் வேணாம்னா வேற பேர் போட்டுக்கலாம். இங்க பாதிப் பேருக்குப் பட்டப்பேருதான்.”

பையில் பூசணிக்காய்த் துண்டு ஒன்று இருந்தது. ‘பூசணி’ என்று எழுதச் சொன்னாள். அன்றைக்கு அவர்கள் மூன்றாவதாக வந்தார்கள். சங்கத்தின் இணையப் பக்கத்தில் வரிசைப் பட்டியலில் பூசணி என்ற பெயர் ஏறியது. அடுத்த நாலு வருடமும் அது பட்டியலை விட்டுப் போகவே இல்லை.

அவளுக்கு அதில் என்ன பிடித்தது என்று செபஸ்டியன் ஒருமுறை கேட்டார். கௌரி யோசித்துத்தான் சொன்னாள். “வேண்டாம் எண்டால் சீட்டைத் தள்ளி விடலாம் அண்ணை. ஏன் எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை.” செபஸ்டியன் அதை ஆட்ட நுணுக்கமாக எடுத்துக்கொண்டு தலையாட்டினார். அவள் உண்மையிலேயே நிறையச் சீட்டைத் தள்ளிவிடுகிறவள். பத்துத் தரம் சீட்டு வந்தால் எட்டுத் தரம். மீதி இரண்டில் அவள் சில்லைத் தொட்டால் எதிரே இருப்பவர்கள் நிமிர்ந்து உட்காருவார்கள்.

ஒவ்வொரு ஜூலையும் சார்செல் வீட்டுச் சமையலறை மேசையில் பெரிய தாள் ஒன்றை விரித்து அடுத்த பருவத்தை எழுதுவாள். செப்டம்பரிலிருந்து ஜூன் வரை பத்துப் போட்டிகள். தாள் விரித்தது எப்படியோ எல்லோருக்கும் தெரிந்துவிடும்.

“அக்கா, திங்கட்கிழமை ரெண்டாவது வையுங்கோ. சனியிலை எங்களுக்கு லீவு தருவினமே?” இது உணவகத்துப் பெடியள்.

“ஜனவரி, பிப்ரவரி நாங்க ஊர்ல இருப்போம்மா. அந்த ரெண்டு மாசம் பெருசா ஒண்ணும் வெச்சிடாதீங்க.” இது பென்ஷன்காரர்களில் சிலர்.

நதாலி என்ற தாதிக்கு மூன்று வாரத்துக்கு ஒரு வார இறுதிதான் ஓய்வு. அவள் தன் ஆஸ்பத்திரி அட்டவணையைப் படம் பிடித்து அனுப்பிவிடுவாள். நவராத்திரி, நோன்பு, நத்தார், பள்ளி விடுமுறை என்று கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறம் மாறும்.

நாள் முடிந்தால் எந்தவிதமான ஆட்டம் என்ற சண்டை. பொறுமைசாலிகளுக்கு ஆறு மணி நேரம் இழுக்கும் ஆட்டம் வேண்டும். பின்னேர வேலைக்கு ஓடுகிறவர்களுக்கு இரண்டு மணி நேரத்தில் முடியும் வேக ஆட்டம் வேண்டும். ஒருவரை வெளியேற்றினால் உடனே புள்ளி தரும் ஆட்டத்தை இளவட்டங்கள் கேட்பார்கள், அதில் யாரும் யோசித்து ஆடுவதில்லை என்று செபஸ்டியன் வெறுப்பார். பத்துக்குள் எல்லாவற்றையும் அடக்க வேண்டும். கௌரி மெதுவான ஆட்டத்தில் கெட்டிக்காரி. ஆனாலும் மெதுவானதை நாலுக்கு மேல் அவள் போட்டதில்லை. தனக்குச் சாதகமாகப் போட்டுவிட்டாள் என்று யாரும் ஒரு சொல் சொல்லிவிடக் கூடாது. அதேபோல அவளுடைய சொந்தக்காரர் விசேஷங்கள் எந்தச் சனிக்கிழமை என்பதையும் அவள் தாளில் குறித்ததில்லை. அதனால் தான் போட்ட பத்துப் போட்டிகளில் ஆறுக்கோ ஏழுக்கோதான் அவளால் போக முடிந்தது.

பெப்ரவரிவரை நடக்கும் ஆறு போட்டிகளின் முடிவில் முதல் நாலு இடத்தில் நிற்பவர்கள், மார்ச்சில் வேறு ஊர்ச் சங்கங்களோடு நடக்கும் வட்டாரப் போட்டிக்குப் போவார்கள். முந்திய வருடம் கௌரி ஐந்தாவது. ஒரு புள்ளியால் விட்டது. இந்த வருடம் போவது என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தாள். வட்டாரப் போட்டி எப்போதும் மார்ச் இரண்டாம் ஞாயிறு. அந்த ஞாயிற்றை யாருக்கும் கொடுப்பதில்லை என்றும் முடிவு.

ஒக்டோபரில் வள்ளிநாயகியின் மகள் சாம்பவி பெரிய பிள்ளையானாள். பதின்மூன்று வயது. நவம்பரில் வள்ளிநாயகி, சாமத்தியவீட்டு நீராட்டுச் சடங்குக்கு ஐயர் நாள் எழுதிக் கொடுத்த துண்டோடு வந்தாள். நாலு நாள் இருந்தது, அதில் மார்ச் இரண்டாம் ஞாயிறும் ஒன்று.

“உந்த ஞாயிறு வடிவான நாளாம், கௌரி. ஐயர் சொன்னவர்.”

“அண்டைக்குச் சால் இல்லை மச்சாள்” என்றாள் கௌரி. அவள் மண்டபத்துக்குத் தொலைபேசி எடுத்துப் பார்க்கவே இல்லை. “மார்ச் இருபத்திரண்டு சனிக்கிழமை வையுங்கோ. லண்டன்காரரும் வரலாம். சாப்பாட்டுக்காரரும் ஃப்ரீ.”

சங்கப் போட்டியும் இல்லாத சனிக்கிழமை அது. மூன்று பக்கமும் பொருந்திவந்த திகதி. வள்ளிநாயகி அன்றைக்கே மண்டபத்தை எழுதுவித்துவிட்டுப் போனாள். கௌரிக்குத் தன்மேல் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

ஜனவரி முதல் வாரம் வட்டாரப் போட்டிக்காரர்களிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. இந்த வருடம் இடம் மாறுகிறது, பாரிஸிலிருந்து ஒன்றரை மணி ரயில் தூரத்தில் உள்ள ரூவானில். திகதியும் மாறுகிறது. மார்ச் இருபத்திரண்டு, சனிக்கிழமை, காலை பத்து மணி.

கௌரி அதை வேலைக்குப் போகும் டி பாதை ரயிலில் நின்றுகொண்டு வாசித்தாள். சென் தெனியில் இறங்க மறந்து பாரிஸின் கார் து நோர் நிலையம்வரை போய், எதிர்ப்பக்க ரயில் பிடித்து வேலைக்குத் திரும்பினாள். பதினாறு வருடத்தில் முதல்தடவையாகப் பிந்தி வந்தாள்.

திகதியை மாற்ற முடியுமா என்று கௌரி சங்கச் செயலாளராகப் போட்டிக்காரருக்கு எழுதிக் கேட்டாள். முடியாது என்று இரண்டு வரி பதில். ஒருவர் மத்தியானம் வந்து சேரலாமா என்று கேட்டாள். வரலாம், ஆனால் வரும்வரை அவருடைய சில்லுகள் ஒவ்வொரு சுற்றிலும் கழிந்துகொண்டே இருக்கும் என்றார்கள். மத்தியானத்துக்குள் ஒன்றும் மிஞ்சாது.

சாமத்தியவீட்டுக்குப் போகாமல் விடுவது என்பது பேச்சுக்கே இடமில்லை. தவரத்தினம் பெண்ணுக்குத் தாய்மாமன். அவர் தேங்காய் உடைக்க, மாமி முறையில் கௌரிதான் பிள்ளையின் தலையில் பால் அறுகு வைத்து முதல் தண்ணீர் வார்க்க வேண்டும். அந்த இடத்துக்கு வேறு ஆள் கிடையாது. இருந்தாலும் ஒருமுறை முயன்று பார்த்தாள்.

“மச்சாள், சாமத்தியவீட்டை ஒரு கிழமை தள்ளி வைச்சால் என்ன? இருபத்தொன்பதும் நல்ல நாளாம்.”

வள்ளிநாயகி தேத்தண்ணியைக் கீழே வைத்தாள். “உமக்கென்ன விசரே? கார்ட் குடுத்தாச்சு. லண்டன்காரர் டிக்கெற் எடுத்தாச்சு. நீர்தானே திகதி போட்டது?”

“ஓம்” என்றாள் கௌரி.

தான் போட்டதுதான். வேறு யாராவது போட்டிருந்தால் அவர்களைத் திட்டியாவது ஆறியிருக்கலாம்.

பிறகு அவளுக்கு வேறொரு வழி தோன்றியது. ஐந்து போட்டி முடிவில் அவள் இரண்டாம் இடத்தில் நின்றாள். பெப்ரவரியில் ஆறாவது போட்டி. அதில் மளமளவென்று தோற்றுவிட்டால் நாலுக்குள் வர மாட்டாள். யாரிடமும் மறுக்கத் தேவையில்லை, காரணம் சொல்லத் தேவையில்லை. தோற்பதற்கென்றே அந்தச் சனிக்கிழமை லா சப்பலுக்குப் போனாள்.

முதல் மணி நேரத்திலேயே, கையில் ஒன்றுக்கும் உதவாத இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு சில்லுகள் முழுவதையும் மேசை நடுவே தள்ளினாள். எதிரே இருந்த மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள். பத்துக்கு எட்டுத் தரம் ஒதுங்குகிறவள் இப்படித் தள்ளுகிறாள் என்றால் கையில் என்ன இருக்கும்! மூன்று பேரும் சீட்டைக் கவிழ்த்தார்கள். சில்லுகள் அவளிடம் வந்தன. அரை மணி கழித்து இன்னொரு தரம் தள்ளினாள். நதாலி நல்ல சீட்டை வைத்துக்கொண்டே, நீண்ட நேரம் கௌரியின் முகத்தைப் பார்த்து, பெருமூச்சு விட்டுச் சீட்டைத் தூக்கிப் போட்டாள். மூன்றாவது தரம் ஒருவர் துணிந்து எதிர்த்தார். மேசையில் கடைசியாக விழுந்த மூன்றாம் இலக்கச் சீட்டு, கௌரியின் கையில் இருந்த மூன்றோடு சோடி சேர்ந்து அவரை வெளியேற்றியது.

அன்றைக்குப் போட்டியில் முதலாவது கௌரி. வருட வரிசையிலும் முதலாவது பூசணி.

கைதட்டினார்கள். செபஸ்டியன் கண் கலங்கி, “ரூவான்ல உங்களை நம்பித்தான் போறோம்” என்றார். கௌரி கோட்டைப் போட்டுக்கொண்டு, படியில் வைத்து அவருக்கு மட்டும் சொன்னாள்.

“நான் வரேல்லை அண்ணை. அண்டைக்கு வீட்டிலை ஒரு விசேஷம்.”

“விட்டுட்டு வர முடியாதா?”

“ஏலாது.”

“வீட்ல சொல்லிப் பார்த்தீங்களா?”

“என்னெண்டு சொல்லுறது? நான் இஞ்சை கடிதம் எழுதிறன் எண்டுதான் அங்கை நினைச்சுக்கொண்டிருக்கினம்.”

ஐந்தாம் இடத்தில் நின்ற நதாலி அவளுக்குப் பதிலாகப் பெயர் கொடுத்தாள். அதற்காக நதாலி தன் ஆஸ்பத்திரி வேலையை ஒரு தோழியோடு மாற்றிக்கொண்டாள். அந்த மாற்றத்துக்கான கடிதத்தையும் கௌரிதான் திருத்திக் கொடுத்தாள்.

இருபத்திரண்டாம் திகதி விடிந்தது. சார்செலுக்கு அப்பால், பண்டகசாலைகளுக்கு நடுவே ஒரு மண்டபம். வாசலில் பெயர் எழுதிய பெரிய பலகை, உள்ளே பொன்னிற ஆசனம், நானூறு கதிரை. பத்து மணிக்குப் பிள்ளைக்குத் தண்ணீர் வார்த்தார்கள். கௌரி செம்பைத் தூக்கியபோது வீடியோக்காரர், “மாமி, இன்னொருக்கா மெதுவா ஊத்துங்கோ” என்றார். இன்னொருக்கா ஊற்றினாள். சாம்பவி கண்ணை மூடிக்கொண்டு இருந்தாள். ரூவானில் இப்போது முதல் சீட்டுப் போட்டிருப்பார்கள் என்று கௌரி நினைத்தாள்.

பன்னிரண்டரைக்கு இரண்டாவது சேலை. அலங்காரம் செய்ய வந்த பெண் சாப்பிடப் போய்விட்டாள். வள்ளிநாயகி வாசலில் ஆட்களை வரவேற்றுக்கொண்டிருந்தாள். உடுப்பு மாற்றும் சின்ன அறையில் கௌரியும் சாம்பவியும் மட்டும். சாம்பவி தலையைத் திருப்ப முடியாதபடி சடைநாகமும் ஜிமிக்கியும் பூவும் ஏற்றிக் கதிரையில் இருத்தியிருந்தார்கள். கௌரி ஊசி குத்திக்கொண்டிருந்தாள். மேசையில் அவளுடைய தொலைபேசி அதிர்ந்தது. பிறகும் அதிர்ந்தது.

சாம்பவி எட்டிப் பார்த்தாள். பிரெஞ்சில் கேட்டாள். “மாமி, ‘நதாலி வெளியே, பூசணி இல்லாமல் கஷ்டம்’ என்று வந்திருக்கிறது. பூசணி யார்?”

கௌரியின் கையில் ஊசி நின்றது. பொய் சொல்ல நேரம் இருந்தது. ஆனால் காலையிலிருந்து சிரித்துச் சிரித்து அவளுடைய வாய் களைத்துப்போயிருந்தது.

“நான்தான்.”

சொல்லிவிட்டாள். போக்கர், வரிசைப் பட்டியல், ரூவான், எல்லாவற்றையும் ஐந்து நிமிடத்தில். அம்மாவுக்குச் சொல்லக் கூடாது என்றாள். சாம்பவி சிரிப்பாள் என்று எதிர்பார்த்தாள். சாம்பவி சிரிக்கவில்லை.

“அப்படியென்றால் நீங்கள் ஏன் இங்கே இருக்கிறீர்கள்?”

“உனக்கு மாமி எண்டு நான் ஒராள்தானேயம்மா. நான் வராமல் விடலாமே?”

“நான் கேட்கவில்லையே” என்றாள் சாம்பவி. குரலில் கோபம் இல்லை. “எனக்கு இது வேண்டாம் என்று அம்மாவிடம் சொன்னேன். சரி, செய்வதென்றால் ஏப்ரலில் செய்யுங்கள் என்றும் சொன்னேன். என் வகுப்பு முழுக்க நேற்றுக் காலை பார்சலோனாவுக்குப் போய்விட்டது. ஐந்து நாள். செப்டம்பரிலேயே திகதி சொல்லிவிட்டார்கள். அதற்கு அம்மா, ‘மாமி நாள் போட்டிட்டா, சால் எடுத்தாச்சு, இனி மாத்த ஏலாது.’”

கடைசி வரியை மட்டும் அவள் தமிழில் சொன்னாள், தாயின் குரலிலேயே.

கௌரி கதிரையின் பின்னால் நின்றாள். கண்ணாடியில் இரண்டு பேர் முகமும் தெரிந்தது. மண்டபம், ஐயர், வீடியோக்காரர், சாப்பாட்டுக்காரர், லண்டன், சங்கம். நவம்பரில் அவள் ஒவ்வொன்றாகப் பார்த்திருந்தாள். பிள்ளைக்கு அன்றைக்கு வேறு ஏதும் இருக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. இரண்டாம் ஞாயிறு நல்ல நாள். அதில் வைத்திருந்தால் பிள்ளை பார்சலோனாவுக்குப் போயிருப்பாள். தானும், திகதி மாறிய பிறகு, ரூவானுக்குப் போயிருக்கலாம். அந்த ஞாயிறு மண்டபம் இல்லை என்று பொய் சொன்னது அவள்தான்.

“எனக்குத் தெரியாதம்மா. நான் கேக்கேல்லை. என்னிலைதான் பிழை.”

“இப்போது சொல்லி என்ன?” என்றாள் சாம்பவி.

கௌரி மிச்ச ஊசிகளைக் குத்தி முடித்தாள். அலங்காரப் பெண் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். வெளியே நாதஸ்வரம் தொடங்கியது. கௌரி ஆரத்தித் தட்டை எடுத்துக்கொண்டு முன்னால் நடந்தாள், சாம்பவி பின்னால். நானூறு பேரும் எழுந்து நின்று படம் பிடித்தார்கள். ரூவானில் அவர்கள் சங்கம் பதினெட்டுச் சங்கங்களில் பதினோராவதாக வந்தது.

மாலை காரில் வீட்டுக்கு வரும்போது கௌரி தவரத்தினத்திடம் சொன்னாள். எந்த முன்னுரையும் இல்லை.

“இஞ்சாருங்கோ, நான் நாலு வருசமா அங்கை விளையாடுறன். கடிதம் மட்டும் இல்லை.”

அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்தார். சிவப்பு விளக்கில் நின்றார்கள். விளக்கு பச்சையாகிப் பின்னால் ஹோர்ன் அடித்த பிறகுதான் எடுத்தார். அன்றும் அடுத்த ஒன்பது நாளும் அவர் அவளோடு கதைக்கவில்லை. சமைத்து வைத்தால் சாப்பிட்டார். பத்தாம் நாள், சப்பாத்துப் போட்டுக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி கேட்டார்.

“காசு வைக்கிறேல்லை எண்டது உண்மையோ?”

“ஓம்.”

“அக்காவுக்கு மட்டும் தெரிய வேண்டாம்.”

கதவைச் சாத்திக்கொண்டு போனார். அனுமதி கிடைத்த சந்தோஷத்தைக் கௌரி எதிர்பார்த்தாள், அது வரவில்லை. முன்பு அவள் ஒருத்தி ஒளித்தாள், இப்போது குடும்பத்தில் மூன்று பேர் ஒளிக்கிறார்கள். வள்ளிநாயகி வரும் நாளில் தவரத்தினமே சனிக்கிழமைப் பேச்சை மாற்றிவிடுவார். சாம்பவி தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவாள்.

வேலையிடத்தில் கௌரி ஒன்றைச் செய்து பார்த்தாள். ஒருவரை வேறு கட்டடத்துக்கு மாற்றும் முன் தொலைபேசி எடுத்து, இந்த நேரம் உங்களுக்குச் சரிவருமா என்று கேட்டாள். முதல் நாள் பதினொரு பேரைக் கேட்டாள். ஏழு பேர் முடியாது என்றார்கள். ஒரு பெண்மணி, பன்னிரண்டு வருடமாக வேலை செய்பவள், இப்படி யாரும் கேட்டதில்லை என்று சொல்லிவிட்டு, அதன் பிறகு முடியாது என்றாள். மூன்று கிழமையில் மேலாளர் கூப்பிட்டு, பிளானிங் ஏன் ஒவ்வொரு வாரமும் பிந்துகிறது என்று விசாரித்தார். கௌரி பழையபடி கட்டங்களை நிரப்பத் தொடங்கினாள். அந்தப் பெண்மணியை மட்டும் இப்போதும் கேட்கிறாள்.

ஜூன் மாதம் வள்ளிநாயகி வீடு குடிபுகுதலுக்கு நாள் கேட்டு வந்தாள். கௌரி துண்டை வாங்கவில்லை.

“எனக்கு இனி நாள் பாக்க ஏலாது மச்சாள். நீங்களும் அத்தானும் சாம்பவியும் இருந்து கதைச்சுப் போடுங்கோ.”

“சாம்பவிக்கு என்ன தெரியும்?”

“அவவுக்குப் பள்ளிக்கூடம் இருக்கெல்லே.”

வள்ளிநாயகி கோபித்துக்கொண்டு போனாள். வேலை கூடிவிட்டது, பெருமை பிடித்துவிட்டது என்று சொந்தத்தில் கதை போனது. ஆனால் குடிபுகுதல் நடந்தது, கௌரி போனாள், பாத்திரம் கழுவினாள். சாம்பவி அவளோடு அதிகம் பேசவில்லை. புறப்படும்போது, ஸ்பெயினுக்கு அடுத்த வருடம் வேறு வகுப்புத்தான் போகிறது என்று மட்டும், கேட்காமலே சொன்னாள்.

ஜூலையில் தாளை விரித்தபோது கௌரி முதலில் தன்னுடைய சனிக்கிழமைகளைக் குறித்தாள். தெரிந்த மூன்று கலியாணம், ஒரு பிறந்தநாள், ஒரு ஆண்டுத் திவசம். அவற்றைத் தவிர்த்துப் போட்டிகளை வைத்தாள். மெதுவான ஆட்டம் ஐந்து போட்டாள். இளவட்டங்கள் முணுமுணுத்தார்கள். செபஸ்டியன் பட்டியலைப் பார்த்துக் கையெழுத்து வைத்தார். செப்டம்பருக்குள் இன்னும் நாலு அழைப்பிதழ் வந்தன. நாலும் போட்டிச் சனிக்கிழமைகள்.

இந்தப் பருவத்தில் ஐந்து போட்டி முடிந்துவிட்டது. கௌரி இரண்டுக்குப் போனாள். வரிசையில் பதினான்காவது. பட்டியலில் இப்போது பூசணியோடு அவளுடைய சொந்தப் பெயரின் முதல் எழுத்தும் சேர்ந்திருக்கிறது. போன கிழமை செபஸ்டியன் தொலைபேசி எடுத்தார். மாடி மண்டபத்தைத் திருத்தப்போகிறார்களாம், பெப்ரவரியிலிருந்து கிடையாது. வேறு இடம் பார்க்க வேண்டும், மீதிப் போட்டிகளுக்கெல்லாம் புதிதாக நாள் குறிக்க வேண்டும்.

“எல்லாரையும் கேட்டுச் செய்யணும்னா லேட்டாயிடும் கௌரிம்மா. நீங்களே ஒரு முடிவு பண்ணிடுங்க.”

கௌரி சோறு வடித்துக்கொண்டிருந்தாள். தொலைபேசி தோளுக்கும் காதுக்கும் நடுவே.

“இல்லை அண்ணை, கேப்பம்” என்றாள். “பிந்தினால் பிந்தட்டும். நாற்பது பேரின்ரை நம்பரும் எனக்கு அனுப்புங்கோ.”

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் தொடங்கினாள். மாலைவரை பதினேழு பேரைப் பிடித்தாள். அதில் இரண்டு பேருக்கு மட்டும் ஒரே நாள் சரிவந்தது.